தாய்மாமன் சீரில் போன கமான்பட்டை

என் அக்கா மகளுக்குக் காது குத்தியபோது நான் கொண்டுபோன சீரைப் பற்றி எங்கள் பக்கம் இன்னும் பேசுவார்கள். சிரித்துக்கொண்டுதான் பேசுவார்கள். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, தோடு எல்லாம் தட்டுகளில் முன்னால் போக, பின்னால் நாலு பேர் தோளில் இரண்டு கட்டு கமான்பட்டை. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, கட்டுக்கு ஒரு முழம் பூவும் சுற்றியிருந்தேன். அந்தச் சிரிப்பில் நானும் கலந்துகொண்ட காலம் உண்டு. இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

கமான்பட்டை என்றால் லாரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லுகிறேன். வில் மாதிரி வளைந்த எஃகுப் பட்டைகளைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்தக் கட்டுதான் வண்டியின் கனத்தைத் தாங்குகிறது, ரோட்டுக் குலுக்கலையும் வாங்கிக்கொள்கிறது. இரண்டு வேலையும் அதற்கு உண்டு. நான் நாமக்கல்லில் பதினைந்து வருஷம் பட்டை வேலை செய்தும் முதல் வேலையை மட்டும்தான் மண்டையில் வைத்திருந்தேன். இதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

மச்சான், அதாவது அக்காவின் புருஷன், சேந்தமங்கலம் பக்கம் மேட்டுக்காட்டு விவசாயி. எழுபதுகளின் கடைசியில் மழை ஏமாற்றி, கிணறுகள் எல்லாம் வறண்டு, ஊரில் பாதிப் பேர் கிணற்றை ஆழப்படுத்துவதே பிழைப்பு என்று இருந்தார்கள். மச்சான் பட்டாள ஏலத்தில் ஒரு பழைய டிரக்கை எடுத்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அதில் கம்ப்ரசரையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு காடு காடாகப் போய்க் கிணறு வெட்டிக் கொடுப்பார். எந்த வரப்பானாலும் ஏறும், எந்த ஓடையானாலும் இறங்கும். ஆள் அமைதி. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசி, அதையும் சிரிப்பில் முடிப்பார். எனக்கு நேர் எதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், வாய் அதற்கும் மேல்.

வண்டி வந்ததும் நான் சும்மா இருப்பேனா? லாரி டயரை மாட்டினேன். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே கட்டை கொடுத்து முக்கால் அடி உயர்த்தினேன். முன்னால் கனமான இரும்பு பம்பர் வைத்து, அதில் கிணற்றுக் கல்லை மேலே இழுக்கிற வின்ச்சையும் பூட்டினேன். பார்க்க யானை மாதிரி நின்றது. பட்டறைக்கு வருகிற டிரைவர்கள் எல்லாம், "யாருதுங்க இந்த வண்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் டீக்கே போவார்கள்.

எட்டு மாதத்தில் யானை மண்டி போட்டுவிட்டது. வின்ச் கனமும் பம்பர் கனமும் சேர்ந்து முன்பக்கப் பட்டைகளை அமுக்கிவிட்டன. வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தன. முன்பக்கம் இறங்கி, ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் மட்கார்டில் போய் உரசும். ரப்பர் தீய்ந்த நாற்றம் வரும். ஒரு நாள் பாடி கட்டுகிற ஷெட் ஒன்றின் வாசலில் நின்றிருந்த ஒருவன், "என்னுங்க, உங்க மச்சான் வண்டி தரையில காசு தேடுது போல?" என்று கேட்டுவிட்டான். எனக்குச் சுரீர் என்றது. அவனை என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த மாதத்தில்தான் அக்கா மகளுக்குக் காதுகுத்து. நான் ஒரே தாய்மாமன். ஊர் அசந்துபோகிற மாதிரி ஒரு சீர் செய்ய வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. பழைய பட்டைகளுக்கு வளைவு ஏற்றிப் போட்டிருந்தாலே போதும், நாலு நாள் வேலை. நான் என்ன செய்தேன்? எங்கள் பட்டறைகளின் வழக்கப்படி வண்டி இறங்கியதற்குப் பட்டையைக் கூட்டினேன். லோடு லாரிக்குப் போடுகிற கனத்தில், பழையதைவிடக் கட்டுக்கு இரண்டு பட்டை அதிகம் வைத்து, புதிதாக இரண்டு கட்டு கட்டினேன். ஊதுபத்தி கொளுத்திக் காட்டாததுதான் பாக்கி! மேளத்தோடு கொண்டுபோய் அக்கா வீட்டு வாசலில் இறக்கினேன்.

"பொறந்த ஊட்டுச் சீருல இரும்பு வர்றத இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. பட்டுப்பாவாடையைத் தொட்டுப் பார்ப்பது போலவே அந்தப் பட்டைகளையும் தொட்டுப் பார்த்தாள். மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சீரை வாங்குகிற மரியாதையோடு குனிந்து, அந்த இரும்பைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளே மாட்டிக் கொடுத்தேன். வண்டி முன்னால் தூக்கிக்கொண்டு நின்றது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் வைத்து அளந்தேன், அதற்கு மேலும் நாலு விரல் இடம் இருந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், அப்புறம் இருபதடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படீங்க மச்சான்?"

"அருமையா நிக்குதுங்க மாப்ள" என்றார்.

பிறந்த வீட்டுச் சீரில் எங்கள் பக்கம் குறை சொல்ல மாட்டார்கள். சேலை சாயம் விட்டாலும் நல்ல நிறம் என்பார்கள். பாத்திரம் ஒழுகினால் ஊருக்குத் தெரியாமல் ஈயம் வைத்துக்கொள்வார்கள். வந்த சீரை மாற்றுவது, திருப்புவது, கழற்றி மூலையில் போடுவது எல்லாம் அந்த வீட்டையே வேண்டாம் என்பது போல. இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த இரும்புக்கு மஞ்சளைத் தடவும்போது மட்டும் புத்தியில் ஏறவில்லை.

இரண்டு வருஷம் போனது. மச்சான் நடை மாறியது. இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பார். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பார். கேட்டால், "கெணத்து வேலைங்க மாப்ள, குனிஞ்சு நிமிந்து செய்யறதுதானே" என்பார். நான் விடுவேனா? மச்சானைக் கிண்டல் பண்ண மச்சினனுக்கு யார் உத்தரவு வேண்டும்? "வயசாயிப் போச்சுங்க மச்சான், இனி உங்களுக்கு நாலு சக்கரம் பத்தாது, ஒரு தடியும் சேத்து வாங்கோணும்" என்றேன். நாற்பது வயதுகூட ஆகாத மனிதனிடம். அவரும் சிரித்தார். போகும்போதெல்லாம் நான் வண்டியின் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு விரல்கூட இறங்கவில்லை என்று அக்காவிடம் பெருமை வேறு.

ஒரு நாள் வின்ச் மாட்டிக்கொண்டது என்று ஆள் அனுப்பினார். சேந்தமங்கலத்துக்கு மேற்கே ஒரு காட்டில் போய்ச் சரி செய்து கொடுத்தேன். திரும்ப பஸ் தவறிவிட்டது. "வாங்க மாப்ள, நான் கொண்டாந்து உடறேன்" என்று ஏற்றிக்கொண்டார். யோசித்துப் பார்த்தால், நான் பட்டை மாட்டிய பிறகு அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

காட்டுத் தடத்தில் முதல் பள்ளத்தில் இறங்கியதும் அடி நேராக என் முதுகுத் தண்டில் ஏறி மண்டையில் போய் முட்டியது. பட்டை வளையவே இல்லை. கல் ஒன்று வந்தால் கல்லே வந்து இடுப்பில் அடித்த மாதிரி இருந்தது. உலக்கையை நட்டு அதன்மேல் உட்கார்ந்து போவது போலப் போய்க்கொண்டிருந்தோம். மச்சானைப் பார்த்தேன். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அழுத்தி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் உடம்பை சீட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்கிறார். அடி விழுந்ததும் மெதுவாக உட்காருகிறார். அவருக்கு அடியில் மடித்த சாக்கு, அதன் மேல் ஒரு பழைய தலையணை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது தாடையில் தெரிந்தது.

பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். "இஞ்சின் சூடாயிருச்சுங்க, சித்த நேரம் ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு, துண்டை விரித்து வெறும் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான் பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். என் புத்திக்கு அதுதான் முதலில் வரும்.

"ஏனுங்க மச்சான், ரெண்டு வருசமா இப்படித்தான் ஓட்டறீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"பட்டாளத்து வண்டி அப்படித்தானுங்க மாப்ள இருக்கும்."

"இருக்காதுங்க! நான் போட்ட பட்டைங்க இது. நாளைக்கே கழட்டிப் போடறேன்."

படுத்தபடியே என்னைப் பார்த்தார். "சீரா வந்ததுங்க. அதைப் போயிக் கழட்டறதாவது."

"நான் கொண்டாந்த சீரு, நான் கழட்டறேன். உங்களுக்கென்னங்க?" என்று கத்தினேன். ரோட்டில் ஆடு ஓட்டிக்கொண்டு போன பெண் நின்று திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்த பழைய பட்டைக் கட்டுகளை எடுத்து டிரக்கில் போட்டுக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். சேலத்துக்குப் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் பட்டைக்குப் பதம் ஏற்றுவதில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்தார். அக்கா வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கி நின்றேன். என் இடுப்பு விட்டுப்போனது. எனக்கு ஒரே ஒரு நாள், அதுவும் தார் ரோட்டில்.

அவர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். "யாருப்பா இத்தக் கட்டுனது?"

"நான்தான்."

"ஏம்பா, வண்டிய நிக்க வெக்கிறதுக்கா பட்டை போடுற, ஓட்டுறதுக்கா? ஆளு உக்கார்ற வண்டிக்கு லோடு லாரிப் பட்டையப் போட்டா, அதுல உக்கார்றவன் இடுப்பு என்னாத்துக்கு ஆவும்?"

யாராவது என் வேலையைக் குறை சொன்னால் சண்டைக்குப் போகிறவன் நான். அன்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு, நான் கட்டியதைக் கழற்ற வண்டிக்கு அடியில் போனேன்.

நாலு நாள் அங்கேயே இருந்தேன். பழைய கட்டைப் பிரித்து, பட்டை பட்டையாகத் துருவைச் சுரண்டி, சுத்தியலால் தட்டிச் சத்தம் பார்த்தார். விரிசல் விட்ட பட்டை கணீர் என்று பேசாது. அப்படி ஒன்று இருந்தது, அதை மாற்றினார். மற்றவற்றை உலையில் சிவக்கக் காய்ச்சி, தரையில் சாக்கட்டியால் போட்ட வளைவுக்கு வளைத்து, எண்ணெயில் இறக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி எடுத்தார். பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கிரீஸ் பூசிக் கட்டினார். மாட்டிய பிறகு வின்ச் கனத்தோடே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவந்து உயரம் அளந்தோம். நான் வைத்ததைவிட மூன்று விரல்தான் குறைவு. டயர் உரசவில்லை. பள்ளத்தில் விட்டால் வண்டி குனிந்து நிமிர்ந்தது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்ய எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலு நாள் பொறுமை இல்லாமல் போயிற்று.

அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியபோது மச்சான் சட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். "வாங்க, ஒரு சுத்துப் போயிட்டு வரலாம், இப்பப் பாருங்க" என்றேன். கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்து, ஏறுவதற்கு வலது காலைத் தூக்கினார். கால் வரவில்லை. குனிந்து கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தார். அது நழுவிக் கீழே விழுந்தது. நான் வண்டியை அத்தனை உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தேன்.

"மரத்துப் போச்சுங்க மாப்ள. சித்த நேரத்துல செரியாயிரும்."

சரியாகவில்லை. சாயங்காலத்துக்குள் இடது காலும் தளர்ந்துவிட்டது. சேலத்துக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்தியிருக்கிறது, வெகு நாளாகவே அழுத்தியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். "எத்தனை நாளா வலி?" என்று கேட்டார். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு பத்து நாளாத்தானுங்க" என்றார். ஆபரேஷன் செய்தார்கள். வலி குறைந்தது, கால்கள் வரவில்லை. வண்டியால் வந்ததா, கிணற்று வேலையால் வந்ததா என்று நான் தனியாகப் போய்க் கேட்டேன். அதையெல்லாம் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவருக்குச் சொல்ல முடியாது. எனக்குத் தெரியும்.

சில மாதம் கழித்து வண்டியை விற்றோம், ஆத்தூர்ப் பக்கம் யாருக்கோ போயிற்று. அது போன மறுநாள் மதியம் அக்கா வெளியே கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மச்சானுடைய படுக்கைத் துணிகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட்டேன். "நான் போட்ட பட்டைதான் அக்கா அவுரு கால எடுத்துருச்சு. என்னை நீ என்ன வேணுமுன்னாலும் திட்டு."

அவள் துணியைப் பிழிவதை நிறுத்தவில்லை. "மாட்டுன ரெண்டாவது மாசமே சொன்னாரு" என்றாள். "கட்டுக்கு ரெண்டு பட்டையக் கழட்டிப் போட்டா இடுப்புக்குத் தேவலாமுன்னாரு. நாந்தான் வேண்டாமுன்னேன். எம் பொறந்தவன் மஞ்சத் தடவிக் கொண்டாந்ததக் கழட்டுனா நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க, எங்கம்மா ஊட்டக் கொறைச்சுப் போட்ட மாதிரி ஆயிரும், அப்படீன்னேன். செரின்னாரு. அப்பறம் ஒரு நாளும் அந்தப் பேச்சே எடுக்கலை."

கழற்றுவதற்கு அரை நாள் வேலை, எந்தப் பட்டறையில் விட்டாலும் செய்து கொடுத்திருப்பார்கள்.

அக்கா பிழிந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்பது போலக் கேட்டாள். "ஏஞ்சாமி, ரெண்டு வருசத்துல நீயி ஒருக்காலாச்சும் அதுல ஏறி உக்காந்து பாத்திருக்கக் கூடாதா?"

நான் அந்த வண்டியை வெளியே நின்றுதான் பார்த்தேன். முன்னால் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன், ஊர் பார்ப்பதைப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மச்சான் ஆறு வருஷம் கட்டிலில் இருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை போய்ச் சவரம் செய்து விடுவேன், குளிக்க வைப்பேன், வெளியே தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைப்பேன். தூக்கும்போதெல்லாம், "மெதுவாங்க மாப்ள, உங்க இடுப்புப் பாத்து" என்பார். என் இடுப்பை! அந்த மனிதர் ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். படுக்கைப் புண்ணும் காய்ச்சலும் வந்து, இனி அதிக நாள் இல்லை என்று ஆகிவிட்ட ஒரு காலையில், முகத்துக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தவன் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"மச்சான், அந்தப் பட்டைக்காக என்னை ஒரு வார்த்தை திட்டிப்போடுங்க. கையெடுத்துக் கும்புடறேன்."

தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"எதுக்குங்க மாப்ள திட்டோணும்? நீங்க கொண்டாந்த சீருலயே அதுதானுங்க பெருசு" என்றார். "வண்டி எத்தன அழகா நின்னுச்சு."

கையில் இருந்த பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சோப்பு நுரையோடு கிடந்த அவர் முகத்தின் மேலேயே கதறி அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.